பஸ் ஏற முடியாதவர்களுக்காக ஒரு பஸ் கூட்டம்: செட்டிநாட்டில் நடத்தும் முறை

மாற்றுத்திறனாளிகளின் பஸ் பயணம் பற்றிக் காரைக்குடி வட்டாரத்தில் ஒரு பொதுக்கூட்டம் போடுவதாக இருந்தால், மண்டபத்தையும் மைக்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரிடம் எதைக் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் பிசுபிசுத்துப் போவதற்குக் காரணம், சரியான குறை தவறான மேஜைக்குப் போவதுதான். பஸ் நிலையத்துக் கழிப்பறைக் கதவு குறுகல் என்று டெப்போ மேலாளரிடம் சொன்னால் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், குறித்தும் கொள்வார். ஆனால் அந்தக் கதவு அவருடையது இல்லை.

எது யாருடையது?

வண்டியும் டிரைவரும் கண்டக்டரும் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. நம் பக்கத்தில் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், கும்பகோணம் கோட்டம், காரைக்குடி மண்டலம். அன்றாட நடைமுறைகளுக்கு டெப்போவின் கிளை மேலாளரும் அதற்கு மேல் மண்டலப் பொது மேலாளரும் பதில் சொல்ல வேண்டியவர்கள். புது வண்டி வாங்குவது கும்பகோணத்திலும் சென்னையிலும் முடிவாகிற விஷயம்.

பஸ் நிலையம் உள்ளாட்சியின் சொத்து. காரைக்குடியில் மாநகராட்சி, தேவகோட்டையில் நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயலில் பேரூராட்சி. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனதால் சுற்றியிருந்த சில ஊர்களின் நிர்வாகம் மாறிவிட்டது. பழைய முகவரிக்குக் கடிதம் அனுப்பி ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

சாலையோர நிறுத்தம் நின்றிருக்கும் ரோட்டைப் பொறுத்தது. திருச்சி–ராமநாதபுரம் சாலை தேசிய நெடுஞ்சாலை. ஊர்களை இணைக்கும் சாலைகள் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். உள்தெரு உள்ளாட்சியிடம். நிழற்குடை மட்டும் எம்எல்ஏ அல்லது எம்பி நிதியில் கட்டியதாக இருக்கலாம், கட்டிய பிறகு பராமரிப்பது யார் என்பது எழுத்தில் இருக்காது. அந்தக் கேள்வியையே கூட்டத்தில் ஒரு பொருளாக வைக்கலாம்.

தனியார் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். காரைக்குடி சந்திப்பு, செட்டிநாடு போன்ற ரயில் நிலையங்களுக்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டம். ரயில் குறைகளை அதே நாளில் சேர்த்தால் கூட்டம் நீர்த்துப் போகும், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. செட்டிநாடு என்று நாம் சொல்வது ஒரு மாவட்டம் இல்லை. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, திருமயம், ராயவரம், கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடியிலிருந்து பொன்னமராவதி போகும் வழித்தடத்தைப் பற்றிப் பேசினால் இரண்டு கலெக்டர், இரண்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், இரண்டு போக்குவரத்து மண்டலம். இரண்டு பக்கத்துக்கும் அழைப்பு போகாவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

இரண்டு வாரம் முன்பே அளந்து வையுங்கள்

கூட்டத்தில் பேசுவதற்கான சரக்கு அளவு டேப்பில் இருக்கிறது. நான்கு பேர் போதும்: சக்கர நாற்காலியில் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், ஊன்றுகோலில் நடப்பவர் ஒருவர், எழுதிக்கொள்ள ஒருவர். கையில் 5 மீட்டர் டேப், போன், பேப்பர். போனில் இருக்கும் லெவல் பார்க்கும் வசதியால் சாய்தளத்தின் கோணத்தை அறியலாம். விதிப்படி உயரம் 1 என்றால் நீளம் 12 இருக்க வேண்டும், அது 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. போன் 8, 10 என்று காட்டினால் அது சாய்தளம் என்று பெயர் எழுதிய சறுக்குமரம்தான்.

பஸ் நிலையத்தில் பலரும் அளக்கத் தவறுவது வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. நம் ஊர் நிலையங்களில் பஸ் மூக்கை நடைமேடைப் பக்கம் நீட்டிச் சாய்வாக நிற்கும். ஏறும் கதவு பக்கவாட்டில். அதனால் பயணி நடைமேடையிலிருந்து தரையில் இறங்கி, இரண்டு பஸ்களுக்கு நடுவே நுழைந்து போய்த்தான் ஏற வேண்டும். நடைமேடையை எவ்வளவு அழகாக உயர்த்திக் கட்டினாலும் அது கதவைத் தொடாது. அந்தச் சந்தில் சக்கர நாற்காலி நேராகப் போகவே குறைந்தது 90 செ.மீ. வேண்டும், நின்று திரும்ப 150 செ.மீ. வேண்டும். பல நேரம் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுதான் இருக்கும். "நடைமேடையில் சாய்தளம் கட்டிவிட்டோம்" என்று உள்ளாட்சி சொல்லும்போது இந்த அளவை எடுத்து நீட்டுங்கள். ஒரே ஒரு தடத்தை மட்டும் பக்கவாட்டில் அணைத்து நிறுத்தும் தடமாக மாற்றி, டவுன் பஸ்களை அதில் நிற்க வைப்பது செலவு குறைந்த தீர்வு. அதற்கு மாநகராட்சி கோடு போட வேண்டும், போக்குவரத்துக் கழகம் டிரைவர்களுக்கு உத்தரவு போட வேண்டும், இரண்டு மேஜை. அவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பதற்குத்தானே கூட்டம்.

மற்ற அளவுகள்: தரையிலிருந்து பஸ்ஸின் முதல் படி எத்தனை செ.மீ.; படிகள் எத்தனை; கதவின் நடுவில் கம்பி உண்டா; கைப்பிடி எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா; கழிப்பறைக் கதவின் அகலம் 90 செ.மீ. வருகிறதா, பூட்டிக் கிடக்கிறதா, சாவி யாரிடம்; மழைநீர்க் கால்வாய் மூடியின் இடுக்கில் நாற்காலியின் முன்சக்கரம் சிக்குமா. ஒவ்வொன்றையும் டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள். டேப் இல்லாத படத்தை வைத்து யாரும் எஸ்டிமேட் போட மாட்டார்கள்.

இதோடு பத்துப் பதினைந்து பேரிடம் ஒரு வாரத்துக்கு ஒரு கணக்கு எழுதி வாங்குங்கள்: போக நினைத்துப் போகாத பயணங்கள், பஸ் இருந்தும் ஆட்டோவுக்குக் கொடுத்த பணம். இது எதற்கு என்பது அதிகாரிகளின் பதில்களைப் பார்க்கும்போது புரியும்.

நாள், நேரம், இடம்

திங்கள்கிழமை வேண்டாம், கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் அங்கே இருப்பார்கள். ஞாயிறு வேண்டாம், யாரும் வர மாட்டார்கள். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, பஸ்ஸிலும் கால் வைக்க முடியாது. கொப்புடையம்மன் திருவிழா, பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடி உற்சவ நாட்களில் போக்குவரத்துக் கழகத்தார் சிறப்புப் பேருந்து வேலையில் இருப்பார்கள். செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், காலை 11 முதல் 1 மணி வரை என்பது நல்ல நேரம். பள்ளி, ஆபீஸ் கூட்டம் வடிந்த பிறகு வந்து, மாலைக் கூட்டத்துக்கு முன் வீடு திரும்பலாம்.

இடம் தேடும்போது பழைய செட்டிநாட்டுக் கட்டடங்கள் பலவற்றில் ஒரு பொறி இருக்கிறது. யாராவது பெரிய மனது வைத்து வீட்டையோ விடுதியையோ இலவசமாகத் தருவார்கள். தெருவிலிருந்து படி, படிக்கு மேல் திண்ணை, திண்ணை தாண்டி உயர்ந்த நிலைப்படி, உள்ளே போனால் வளவு என்கிற உள்முற்றத்துக்கு மீண்டும் ஏற்ற இறக்கம். இரண்டடி உயரத் திண்ணைக்கு 24 அடி நீளச் சாய்தளம் வேண்டும், அதற்குத் தெருவே போதாது. நாலு பேர் தூக்கிவிடலாம் என்பது தீர்வு இல்லை. 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்டார் நாற்காலியைத் தூக்க முடியாது, ஒரு பெண்ணைத் தெரியாத ஆண்கள் நாற்காலியோடு தூக்குவது மரியாதையும் இல்லை. இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் பதித்த தளம். பார்க்க அழகு. ஆனால் பாலிஷ் ஏறிய தளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தினால் போதும், ஊன்றுகோலின் ரப்பர் வழுக்கிவிடும். அப்படிப்பட்ட இடமே அமைந்தால் தண்ணீர்க் கேனை வாசலுக்கு வெளியே வையுங்கள், நடைபாதை நெடுக ரப்பர் மேட் விரியுங்கள். சணல் விரிப்பு வேண்டாம், சக்கரத்தில் சுருண்டுகொள்ளும்.

தரைமட்டத்தில் இருக்கும் பள்ளிக்கூட ஹாலோ சமுதாயக் கூடமோ நல்லது. ஒரு படி இருந்தால் பாதகமில்லை. 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். 18 மி.மீ. பிளைவுட், அடியில் நீளவாக்கில் மூன்று ரீப்பர் (மரச்சட்டம்), அகலம் 90 செ.மீ.க்குக் குறையாமல். ரீப்பர் வைக்காவிட்டால் மோட்டார் நாற்காலி ஏறும்போது பலகை நடுவில் வளைந்து நுனி தூக்கிக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் 5 செ.மீ. உயரக் கட்டை அடியுங்கள், சக்கரம் நழுவாது. மேலே ஏறியதும் 150 செ.மீ. சமதளம் வேண்டும், அந்த இடத்தில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கக் கூடாது.

கழிப்பறையை நேரில் போய்ப் பார்க்காமல் இடத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கழிப்பறை இல்லையென்று தெரிந்தால் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள்.

மேடை வேண்டாம். மேடை என்றால் படி, படி என்றால் பேச வேண்டியவர் கீழே, கேட்க வேண்டியவர் மேலே. எல்லோரும் தரையில், நாற்காலிகள் அரைவட்டமாக. வரிசையில் ஆங்காங்கே இரண்டு நாற்காலியை எடுத்துவிட்டு சக்கர நாற்காலிக்கு இடம் விடுங்கள். கடைசி வரிசையில் ஒதுக்காதீர்கள்.

பயணப்படியை வந்தவுடன் கையில் கொடுத்துவிடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021இலிருந்து கட்டணம் இல்லை. ஆனால் நம் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் அந்த இலவசப் பஸ்ஸில் ஏறவே முடியாமல் ஆட்டோ பிடித்துத்தான் வருவார்கள். ரசீது கேட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

அழைப்பும் காகிதங்களும்

அழைப்பை அழகான படமாக அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்வையற்றவர்களுக்கு அது வெற்றுப் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பையும் ஸ்கிரீன் ரீடர் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் வாசிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்த வெறும் செய்தியாக அனுப்புங்கள், கூடவே ஒரு நிமிடக் குரல் பதிவு. அச்சில் கொடுப்பதென்றால் 18 புள்ளி அளவு எழுத்து, வெள்ளைத் தாளில் கறுப்பு. காது கேளாதவர்களுக்கு, சைகை மொழியில் எடுத்த சிறு வீடியோ காகிதத்தைவிட நன்றாகப் போய்ச் சேரும். அழைப்பிலேயே, "உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று கேட்டு, பதில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுமார் 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் கையும் மூளையும் ஓய்ந்து, சொல் விடுபடத் தொடங்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் காது கேளாதோர் பள்ளிகளிலும் கேட்டால் ஆள் தெரியும். வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும், ஆகவே மூன்று வாரம் முன்பே பேசிவிடுங்கள். அவர் நிற்க வேண்டிய இடம் பேசுபவருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் கை நிழலாகத்தான் தெரியும்.

அதிகாரிகளுக்கான கடிதத்தில் "கலந்துகொண்டு சிறப்பிக்க" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் சிறப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவருடைய துறைக்கு உரிய மூன்று கேள்விகளை மட்டும் எழுதி, "இவற்றுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அளவும் படமும் இணைப்பில் போகட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 23ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். அவருடைய பெயரைக் கேட்பது முதல் கேள்வியாக இருக்கலாம்.

கூட்டத்தன்று

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை உரை எல்லாம் சேர்ந்தால் முக்கால் மணி நேரம். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது. வரவேற்பு ஐந்து நிமிடம், சால்வை இல்லை என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரம் மாற்றுத்திறனாளிகள் பேச வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். ஒவ்வொருவரும் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும், பார்வையற்றவர்களுக்கு அறையில் யார் பேசுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். "இதோ இங்கே பாருங்கள்" என்று படத்தைக் காட்டினால், படத்தில் என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்ல வேண்டும். மைக்கை ஆளிடம் கொண்டுபோங்கள், ஆளை மைக்கிடம் வரவழைக்காதீர்கள். உடன் வந்தவர்கள் பேசுகிறவரை முந்திக்கொண்டு பேசுவார்கள், "அவங்களே சொல்லட்டும்" என்று தலைவர் தடுக்கத் தயங்கக் கூடாது. பேச்சு மெதுவாக வருபவருக்கு மூன்று நிமிடம் ஆறாகட்டும்.

பேசத் தயங்குகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு சீட்டும், எழுதித்தர இரண்டு பேரும் வையுங்கள். சீட்டில் ஆறு வரி: வழித்தடம், ஏறும் நிறுத்தம், எந்தத் திசை, நேரம், என்ன நடந்தது, என்ன செய்தால் சரியாகும். "டிரைவர்கள் மதிப்பதில்லை" என்று எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. "காலை 9 மணி வாக்கில் பெரியார் சிலை நிறுத்தம், புதுவயல் வண்டி ஓரம் வராமல் நடுரோட்டில் நிற்கிறது, படி தரையிலிருந்து இன்னும் உயரமாகிறது" என்று எழுதினால் கிளை மேலாளர் அன்று மாலையே டிரைவரைக் கூப்பிட முடியும்.

பிறகு அதிகாரிகள். ஒவ்வொரு குறைக்கும் எழுந்து பதில் சொன்னால் நேரம் போய்விடும். துறைவாரியாகத் தொகுத்து ஒரே தடவை கேளுங்கள். பணமே தேவைப்படாதவற்றை முதலில் எடுங்கள்: ஓரத்தில் அணைத்து நிறுத்துவது, உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பது, நிறுத்தம் வரும்போது கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சத்தமாகச் சொல்வது, ஒதுக்கிய இருக்கையில் வேறு யாராவது இருந்தால் எழுப்பி இடம் தருவது, கழிப்பறைச் சாவியை நேரக்காப்பாளர் அறையில் வைப்பது. இவற்றுக்குத் தேதியே வாங்கிவிடலாம். அடுத்தது சிறு செலவு: கைப்பிடி, சாய்தளம், கதவு. படி ஏறாமல் உள்ளே போகக்கூடிய தாழ்தளப் பஸ் கடைசியில். அதைக் கிளை மேலாளரிடம் ஒரு மணி நேரம் வாதாடுவது வீண், தீர்மானமாக எழுதி நிர்வாக இயக்குநருக்கும் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்புங்கள்.

அதிகாரிகள் சொல்லும் பதில்களும் நம் பதிலும்

"சக்கர நாற்காலியில் யாருமே பஸ்ஸில் வருவதில்லையே." அந்தப் போகாத பயணக் கணக்கை இப்போது எடுங்கள். ஏற முடியாததால்தான் வருவதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் ஆச்சிகள் இந்த ஊர்களில் எத்தனை பேர் என்பதும் அதிகாரிகளுக்குத் தெரியும். அவர்களில் நாலு பேரையாவது கூட்டத்துக்கு அழைத்து வந்து முதல் படியின் உயரத்தைப் பற்றிப் பேச வையுங்கள்.

"நம்ம ரோட்டுக்குத் தாழ்தளப் பஸ் அடி தட்டும்." சென்னையில் 2024இல் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் வண்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்த்துவதும் சாய்பலகை விரிப்பதும் அவற்றில் உண்டு. இங்கே அடி தட்டும் என்றால் எந்த வழித்தடத்தில், எந்த வேகத்தடையில் என்று பட்டியல் கேளுங்கள். விதிப்படியான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட குட்டை மேடுகள்தான் அடி தட்ட வைக்கும். அவற்றைச் சரிசெய்வது நெடுஞ்சாலைத் துறை வேலை, அந்தத் துறை அதிகாரியும் அதே அறையில்தானே இருக்கிறார்.

"இதெல்லாம் வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை." மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு போக்குவரத்தில் அணுகுவசதி பற்றியது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2019 டிசம்பரில் செய்த திருத்தம் 2020 மார்ச் 1 முதல் பஸ்களில் முன்னுரிமை இருக்கை, கைப்பிடி, ஊன்றுகோல் வைக்கும் இடம், சக்கர நாற்காலி ஏற்றிப் பூட்டும் ஏற்பாடு ஆகியவற்றைக் கேட்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகுவசதித் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இவற்றை ஒரு பக்கத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வாயால் வாதாடினால் சூடுதான் ஏறும்.

முடிந்த பிறகு

நடவடிக்கைக் குறிப்பை மூன்று நாளுக்குள் எழுதுங்கள். நான்கு கட்டம் போதும்: குறை, பொறுப்பான பதவி, ஒப்புக்கொண்ட தேதி, யார் போய்ப் பார்ப்பது. "ஆவன செய்யப்படும்" என்ற வாக்கியம் அதில் வரக் கூடாது. அதிகாரி அப்படிச் சொல்லியிருந்தால் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள், அந்தக் காலி இடம் அவருக்கே உறுத்தும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த திங்கள்கிழமை அதே குறிப்பைக் கலெக்டரிடம் மனுவாகக் கொடுத்து மனு எண் வாங்குங்கள். புதுக்கோட்டை மாவட்ட ஊர்களுக்கு அங்கே தனியாக. முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணிலும் பதியலாம்.

ஊராட்சி எல்லையில் உள்ள நிறுத்தங்களுக்குக் கிராம சபை கைகொடுக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது பக்கத்தில் வருகிறதோ அதில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள்.

ஒப்புக்கொண்ட தேதி தாண்டினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தேதிக் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார். அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்தில் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ரயில்வே போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறினால் அதன் 89ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை சிறிது, ஆனால் கோப்பில் அந்தப் பிரிவின் எண் ஏறினால் மேஜைகள் வேகமாக நகரும்.

மூன்று மாதம் கழித்து அடுத்த கூட்டம். அதன் முதல் பொருள் பழைய குறிப்பை வரிவரியாக வாசிப்பது. முடிந்ததை முடிந்தது என்று அந்த அதிகாரியின் பெயரைச் சொல்லி நன்றியோடு வாசியுங்கள், மீதியைக் காலிக் கட்டத்தோடு வாசியுங்கள். சாய்தளம் கட்டியாயிற்று என்று சொன்னால், வாசிப்பதற்கு முதல் நாளே யாராவது போனை எடுத்துக்கொண்டு போய் அதன் கோணத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.